மாலைத் தொழுவமும் முதற் சீலமும்

மும்மணிகளைச் சரணடைந்தபின் முதன்முதலாக நாம் மேற்கொள்ளும் உறுதி, உயிர்க்கொலை தவிர்ப்பேன் என்பதே. நகரத்தில் அலுவலகப் பணி செய்வோர்க்கு இவ்வுறுதியைப் பற்றி ஐயம் எழுவது அரிது. ஆயின் ஒன்றிரண்டு ஏக்கர் நிலமும், ஒரு கறவைப் பசுவும், நாலைந்து ஆடுகளும், சில கோழிகளும் வைத்துப் பிழைக்கும் உபாசகர் இல்லங்களில் அது நாள்தோறும் எழுகின்றது. உயிர்களைக் கட்டிவைத்து, அவை தருவதை எடுத்து விற்று உண்பவன் முதற் சீலத்தைக் காத்தவன் ஆவானா? இதுவே அவ்வையம்.

இதற்கு இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. நான் கத்தியைக் கையால் தொட்டதில்லை, ஆகவே என் சீலம் குறைவற்றது என்பது ஒன்று. உயிர்களை வளர்ப்பதே பற்று, ஆதலின் அனைத்தையும் விட்டொழித்தலே நேர்வழி என்பது மற்றொன்று. முன்னது மிக எளிது. பின்னது துறவிக்கு உரியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பால் காசையே நம்பியிருக்கும் தாய்க்கு இவ்விரண்டில் எதுவும் பயன்படாது. விடையைத் தேட வேண்டிய இடம் தொழுவம். காலம் மாலைப் பொழுது.

கோலார் மேட்டுநிலத்தை எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத மாவட்டம் அது. ஏரியும் ஆழ்துளைக் கிணறுமே நீர் தருவன, கேழ்வரகு விளையும், கைக்காசுக்குப் பாலும் பட்டும். தங்கச் சுரங்க வேலைக்கென வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சென்று குடியேறிய நம்மவரின் பேரப்பிள்ளைகள், 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். சிலர் சுற்றுப்புறத்தில் மாடும் ஆடும் வைத்து வாழ்கின்றனர். அங்கே வெயில் சாயும் வேளையில் ஒரு வீட்டின் பின்புறம் சென்று பார்ப்போர்க்கு, வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது தெரியும். மேய்ச்சலிலிருந்து வந்த ஆடுகளை எண்ணிப் பட்டியில் அடைக்கவேண்டும். தொழுவத்துச் சாணத்தை வாரிக் குப்பைக் குழியில் இடவேண்டும். பசுவுக்குத் தண்ணீர் காட்டி, கொசுவும் ஈயும் அண்டாதபடி வேப்பிலையும் எருவும் இட்டு மூட்டம் போடவேண்டும். மடியைக் கழுவிக் கன்றை அவிழ்த்துவிட்டு, பால் சுரந்ததும் கறந்து, கூட்டுறவுச் சங்கத்தில் நேரம் தவறாமல் ஊற்றவேண்டும். இருட்டுமுன் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கவேண்டும். மங்கிய ஒளியில் கண் தெரியாத அவை கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் எளிதில் இரையாகும். இவ்வேலைகளிற் பெரும்பகுதியைப் பெண்களே செய்கின்றனர் என்பதையும், சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பெரும்பாலும் ஆடவர் பெயர் இருப்பதையும் இடையே குறித்துவைக்கின்றேன்.

இவ்வேலைகளைப் பகவன் நன்கு அறிந்திருந்தார். மஜ்ஜிம நிகாயத்தின் 33-ஆம் சூத்திரமாகிய மகாகோபாலக சூத்திரம் அதற்குச் சான்று. சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் பிக்குகளுக்கு உரைத்த அச்சூத்திரத்தில், மாட்டு மந்தையைப் பெருக்கத் தகுதியுடைய இடையனுக்குப் பதினொரு குணங்கள் கூறப்படுகின்றன. மாடுகளின் உருவத்தையும் அடையாளத்தையும் அறிந்திருத்தல், ஈ இட்ட முட்டைகளைப் புண்ணிலிருந்து எடுத்துப் போடுதல், புண்ணை மூடிக் கட்டுதல், மூட்டம் போடுதல், நீர்த்துறையையும் வழியையும் மேய்ச்சலிடத்தையும் அறிதல், மந்தையின் தலைமைக் காளைகளுக்குத் தனி மதிப்பளித்தல் முதலியன அவை. அவற்றுள் ஒன்று, பாலை மிச்சமின்றிக் கறவாமை. புண்ணைக் கட்டுதல் புலனடக்கத்துக்கும், மூட்டம் போடுதல் பிறர்க்குத் தம்மம் உரைத்தலுக்கும், மிச்சம் வைத்துக் கறத்தல் இல்லறத்தார் கொடுப்பதைப் பிக்கு அளவறிந்து ஏற்பதற்கும் உவமைகளாயின. உவமை பிக்குவுக்கு என்பது உண்மையே. எனினும், மடியை ஒட்டக் கறப்பவன் கெட்ட இடையன் என்பதைக் கேட்போர் முன்னமே ஒப்புக்கொண்டிருந்தாலன்றி அவ்வுவமை நில்லாது. ஆகவே, எடுப்பதற்கு எல்லை உண்டு என்னும் அறம் தொழுவத்திலிருந்து விகாரத்துக்குச் சென்றதே தவிர, விகாரத்திலிருந்து தொழுவத்துக்கு வந்ததன்று.

மிச்சம் வைத்துக் கறத்தல் என்பதை இக்காலத்தார் ஒரு குறையாகக் கருதுவதுண்டு. மடியில் பால் தங்கினால் மடிநோய் வரும், ஆகவே சொட்டின்றிக் கறக்கவேண்டும் என்று கறவை முறை கற்பிப்போர் கூறுவர். கூற்று சரியே. ஆனால் அந்த மிச்சம் மடியில் தங்குவதற்கு உரியதன்று, கன்றுக்கு உரியது. கறந்தபின் கன்றை மீண்டும் ஊட்டவிட்டால், மடியும் வெறுமையாகும், கன்றும் பிழைக்கும். கன்றின் வாய் பட்டதும் தாயின் உடலில் ஊறும் சுரப்பால் பால் இறங்குகின்றது. அவ்விறக்கம் ஐந்து முதல் எட்டு நிமிடம்வரையே நிற்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் எவ்வளவு நமக்கு, எவ்வளவு கன்றுக்கு என்பதைக் கறப்பவரின் கையே முடிவு செய்கின்றது. பக்கத்தில் நின்று பார்ப்பார் ஒருவரும் இலர். சங்கத்தில் அளவும் கொழுப்புச் சத்தும் பார்த்துக் காசு தருவார்கள். கன்றுக்கு விட்டது எவ்வளவு என்று எவரும் கேளார்.

நிற்க. கன்று இறந்துவிட்டால் என் செய்வது? நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. இறந்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, பசுவின் முன் நிறுத்துவர். அது தன் கன்றென்றே நக்கிப் பால் சுரக்கும். தோற்கன்று என்பது அதற்குப் பெயர். கொலை ஏதுமில்லை, பசுவுக்கு அடியும் இல்லை. எனினும் அக்காட்சி கண்டோர் மனம் கூசாமல் இருப்பதில்லை. ஏன்? முதற் சீலத்தை மட்டும் கையில் வைத்துப் பார்ப்பவர்க்கு இதில் குற்றம் தெரியாது. நான்காம் சீலத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். பொய் என்பது வாயால் சொல்வது மட்டுமோ? மொழி அறியாத உயிருக்குப் பொய்யுரைத்தல் பொய்யாகாதோ? ஆகும் என்றே நான் கருதுகின்றேன். தாயின் துயரத்தையே கருவியாகக் கொண்டு அதன் மடியைத் திறக்கும் பொய் அது. தவிட்டையும் பிண்ணாக்கையும் முன்வைத்து, முதுகைத் தடவி, பழகிய குரலால் அழைத்துக் கறந்தால், கன்றில்லாமலே பால் இறக்கும் பசுக்கள் பல உண்டு. பால் குறையலாம். குறையட்டுமே. நீர்மங்களை ஊசியால் ஏற்றியும், உறுப்பில் காற்றை ஊதியும் பால் இறக்கும் கொடுமைகளை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம், 12-ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கின்றது. தோற்கன்றைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. சட்டம் பேசாத இடத்திலேதான் சீலத்துக்கு வேலை இருக்கின்றது.

பேச்சைப் பற்றி இன்னொன்று. மாலையில் களைத்துவந்த உடம்போடு மாட்டை ஓட்டிக் கட்டுகையில் வாயில் வரும் வசைகளுக்குக் கணக்கில்லை. அதைக் கேட்கும் உயிருக்கு என்ன தெரியும் என்பது நம் எண்ணம். நந்திவிசாலன் ஜாதகத்தை அறிந்தோர் அவ்வாறு எண்ணார். தக்கசீலத்தில் நூறு வண்டிகளை ஒருங்கே இழுக்கவல்ல காளை ஒன்று, பந்தயத்தின்போது உடையவன் தன்னைக் கயவனென்று விளித்தவுடன் கால் பெயர்க்காமல் நின்றுவிட்டது; ஆயிரம் போயிற்று. அன்புடன் அழைத்தபோது அதே நூறு வண்டிகளையும் இழுத்து இரண்டாயிரம் ஈட்டித் தந்தது. பிக்குகளில் சிலர் கடுஞ்சொல் வழங்கியபோது பகவன் உரைத்த கதை இது. கதையைக் கதையாகவே கொள்ளலாம். ஆயினும், பிறர் இழிசொல்லால் தலைமுறை தலைமுறையாகப் புண்பட்ட நம் மக்கள், சொல்லின் அடி எத்தகையது என்பதை வேறொருவரிடம் கற்கவேண்டிய நிலையில் இல்லை.

இதுவரை கூறியவை எளியவை. கடினமானது காளைக் கன்று.

முன்னாளில் காளைக் கன்று பிறந்தால் உழவனுக்கு மகிழ்ச்சி. இரண்டு மூன்று ஆண்டுகளில் நுகத்தடிக்கு ஆள் கிடைத்தது. இன்று உழவு டிராக்டரால் நடக்கின்றது. சீமை இனத்தோடு கலந்த பசு ஈனும் காளைக்குத் திமிலும் சரியாக அமைவதில்லை. வெயிலில் வேலையும் தாங்குவதில்லை. அதற்கு ஊட்டும் பால் ஒவ்வொரு நாளும் சங்கத்துக்குப் போகாத பால். ஆகவே பல தொழுவங்களில் நடப்பது யாதெனில், கன்றைக் கொல்வதில்லை. பால் சுரக்கும்வரை மட்டும் ஊட்டவிட்டு, உடனே இழுத்துக் கட்டிவிடுகின்றனர். சில வாரங்களில் அது எலும்புந் தோலுமாகிக் கழிச்சல் கண்டு மாண்டுபோகின்றது. கேட்டால், தானாகச் செத்தது என்பர்.

தானாகச் செத்ததா? உயிர்க்கொலை நிறைவேறுவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டுமென உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், சாகவேண்டும் என்னும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் சாவு நேர்தல். அக்கன்றுக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். முதலிரண்டில் ஐயமில்லை. ஐந்தாவதும் கண்முன் கிடக்கின்றது. எண்ணம் இருந்ததா என்பதை அவரவர் நெஞ்சே அறியும். முயற்சி எங்கே என்று கேட்பீராயின், கன்றின் கழுத்துக் கயிற்றைக் காட்டுவேன். கயிறு இல்லையெனில் அது நேரே தாயின் மடிக்குச் சென்று பிழைத்திருக்கும். மடிக்கும் வாய்க்கும் இடையே கட்டிய கயிறே முயற்சி. ஆகவே நான் கத்தி எடுக்கவில்லை என்பது விடையாகாது.

கன்றுக்கு வேண்டியது எவ்வளவு? பிறந்த கன்று நோய் தாங்கும் ஆற்றலின்றியே பிறக்கின்றது. அவ்வாற்றல் சீம்பாலின் வழியாகவே வருகின்றது. முதல் நாள் கழிந்தால் அதனைக் குடல் ஏற்பதில்லை. ஆதலின் ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டல் வேண்டும், கிடேரியாயினும் காளையாயினும். அதன்பின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் நாளொன்றுக்கு வேண்டும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு 3 லிட்டர். புல்லும் தவிடும் தின்னப் பழகும்வரை இரண்டு மாதம் அவ்வாறு ஊட்டினால் 180 லிட்டர். இஃது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சீலத்துக்கு விலை உண்டு. அவ்விலை லிட்டர் கணக்கில் இருப்பதைக் கண்டு நாம் வெட்கப்படவேண்டியதில்லை.

இக்காலத்தில் கிடேரிக் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தைக் கொண்டு சினை ஊசி போடுகின்றனர். நூற்றுக்குத் தொண்ணூறு கிடேரியே பிறக்கின்றது. பிறக்காத உயிருக்குத் தீங்கில்லை. பிறந்ததைப் பட்டினியிட்டுக் கொல்வதினும் இது ஆயிரம் மடங்கு மேல். தயங்காமல் ஏற்கலாம் என்பேன். ஆயினும் பசு கறவை நின்று கிழமாகும் நாள் எந்த ஊசியாலும் நீங்காது. கிழப்பசுவும் நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாத சாணம் இடும், எருவுக்கும் சாண எரிவாயுவுக்கும் ஆகும் என்று சொல்லிச் சிலர் மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர். உண்மைதான்; ஆனால் சாணமும் இடாத நாள் வந்தால் என்ன செய்வது என்னும் கேள்வியை அக்கணக்கு ஒத்திவைக்கின்றதேயன்றித் தீர்ப்பதில்லை. என் கருத்து வேறு. எத்தனை பசு வைக்கலாம் என்பதைப் பாலின் விலை முடிவு செய்யலாகாது. அவை ஈன்றனவற்றையும், கறவை நின்றபின் அவற்றையும் காக்க நம்மிடம் உள்ள தீவனமும் தண்ணீரும் முடிவு செய்யவேண்டும். மூன்று வைத்து ஒன்றைப் பட்டினியிடுபவர் இரண்டோடு நிற்கலாம்.

விற்றுவிடலாகாதா என்பர். அங்குத்தர நிகாயத்தில் உபாசகர்க்கு ஆகாத ஐந்து வாணிபங்கள் கூறப்படுகின்றன: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. இதில் உயிர் வாணிபம் என்பதற்கு மனிதரை விற்றல் என்றே உரை பொருள் கூறும். அடிமை வாணிபம் நடந்த காலத்தில் அப்பொருள் தேவையாயிருந்தது. ஆகவே உழவன் தன் மாட்டை மற்றோர் உழவனுக்கு விற்பதை அது தடுக்கவில்லை. ஆனால் இறைச்சி வாணிபம் என்பதற்கு, பன்றி முதலியவற்றை வளர்த்து விற்பதையே அவ்வுரை சுட்டுகின்றது. அறுப்பது மட்டுமன்று, அறுப்பதற்கென வளர்த்தலும் அதனுள் அடங்கும். முகமறியாத தரகன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, எங்கே போகிறது என்று கேளாமல் திரும்புபவர், கேட்டால் தெரிந்துவிடும் என்பதனாலேயே கேளாதிருக்கின்றார்.

ஆடு வளர்ப்போர்க்கு என் விடை இனிமையாக இராது. கிடாய்க்கு இறைச்சியன்றி வேறு பயனில்லை. மருத்துவச் செலவுக்கும் கலியாணத்துக்கும் ஏழை வீட்டின் வங்கி அதுவே. உரையின்படி பார்த்தால் அது தவிர்க்கவேண்டிய வாணிபமே. உடனே விட்டுவிட இயலாதோர் அசோக மன்னரின் ஐந்தாம் தூண் சாசனத்தையேனும் நோக்குக. முடிசூடிய 26-ஆம் ஆண்டில் பொறித்த அதில், சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும் வெள்ளாட்டையும் செம்மறியையும் பன்றியையும், ஆறு மாதம் நிரம்பாத அவற்றின் குட்டிகளையும் கொல்லலாகாதென்று விதித்தார். உயிர்கள் உள்ள உமியைக் கொளுத்தலாகாதென்றும் அதிலுண்டு. தம் மடைப்பள்ளியில் இரண்டு மயிலும் ஒரு மானும் இன்னும் கொல்லப்படுவதை முதற் பாறைச் சாசனத்தில் ஒளிக்காமல் எழுதிய மன்னர் அவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த இயலாதவர், எங்கே எல்லை கட்டலாம் என்று தேடினார். ஆட்டுக்கு அருகில் பன்றியையும் வைத்து எண்ணியதை, பன்றி வளர்ப்போர் என்று ஏளனம் செய்யப்பட்ட நம்மவர் குறித்துக்கொள்வது நன்று.

இனிப் பசு வழிபாட்டைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேற்செல்ல இயலாது. பசுவைத் தெய்வமென்றோர் அது செத்ததும் சேரிக்கு ஆள் அனுப்பினர். இழுத்துச் செல்வதும் தோலுரிப்பதும் நம் முன்னோர் தலையில் விழுந்தன. அதே காரணத்தால் அவர்கள் தீண்டத்தகாதோர் ஆக்கப்பட்டனர். 1927-ஆம் ஆண்டு மகாடு மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு அறிஞர் அம்பேத்கர் அறைகூவினார். 1948-இல் வெளியிட்ட தீண்டாதோர் பற்றிய நூலில் இவ்வரலாற்றை ஆராய்ந்தார். ஆகவே, பசு என்ற சொல்லைக் கேட்டதும் நம்முள் சிலர்க்குக் கசப்பு எழுவது இயல்பு. கசப்பு, வழிபட்டோர் மேல் எழலாம். கட்டுத்தறியில் நிற்கும் உயிரின் மேல் எழுதல் முறையன்று. சுத்தநிபாதத்துப் பிராமணதம்மிக சூத்திரத்தில் பசுக்களைத் தாய் தந்தையரோடும் உடன்பிறந்தாரோடும் ஒப்பிடும்போது, அவை உணவும் வலிமையும் நிறமும் இன்பமும் தருவன என்பதே காரணமாகக் கூறப்படுகின்றது. தெய்வத்தன்மை ஏதும் அங்கே பேசப்படவில்லை. தருவதற்கு நன்றி, அவ்வளவே. வழிபடுவோர் தொழுவத்திலும் காளைக் கன்று பட்டினி கிடப்பதைக் காண்கின்றோம். மாலை அணிவித்துக் கயிற்றைக் குறுக்கிக் கட்டுவதில் என்ன கருணை இருக்கின்றது?

இவ்வளவு கெடுபிடி உழவனுக்குத் தாங்குமா என்று கேட்போர் உளர். 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், அகிம்சையைப் பகவன் விதியாக வகுக்கவில்லை, கொள்கையாகவே வைத்தார் என்று அம்பேத்கர் விளக்குகின்றார். கொல்லவேண்டிய தேவை வேறு, கொல்லவேண்டும் என்னும் வேட்கை வேறு என்பதும் அங்கே பிரித்துக் காட்டப்படுகின்றது. விதியாயின் மீறினோம் மீறவில்லை என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். கொள்கையாயின் நாள்தோறும் எடைபோடவேண்டும். அதனால் அது எளிதென்று எண்ணுவது தவறு. நாயின் காலில் முள் குத்திய புண்ணை இன்று பார்ப்பதா, நாளை பார்ப்பதா? ஈ மொய்க்கும் புண்ணில் ஓரிரவு கடந்தால் புழு வைத்துவிடும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் இன்றே இட்டால் தீரும். கறந்தவுடன் பசு படுத்துவிட்டால் திறந்திருக்கும் காம்பு வழியே மடிநோய் புகும். ஆதலின் தீவனத்தைக் கறவைக்குப்பின் இட்டு அரைமணி நேரம் நிற்கவைக்கவேண்டும். இவையெல்லாம் கருணையா, கைத்திறனா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. அசோகர் இரண்டாம் பாறைச் சாசனத்தில் மனிதர்க்கும் விலங்குகட்கும் இருவகை மருத்துவம் ஏற்படுத்தியதைக் கூறும்போது, சோழர் பாண்டியர் நாடுகளையும் பெயர் சுட்டிச் சேர்த்திருக்கின்றார். அம்மருத்துவத்தில் ஒரு சிறு பங்கு, மாலையில் விளக்கெடுத்துக்கொண்டு தொழுவத்துக்குச் செல்பவர் கையில் இருக்கின்றது.

கோலார்ப் பகுதியிலிருந்து எழுதுவோர் பட்டுப்புழுவைப் பற்றியும் கேட்பர் என்று எதிர்பார்க்கின்றேன். நூல் அறாமல் எடுக்கவேண்டுமாயின், கூட்டிலிருந்து அந்து வெளிவருமுன் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை வெப்பத்தால் கொல்லவேண்டியுள்ளது. பசுவுக்கு மிச்சம் வைத்துக் கறக்கலாம். கன்றுக்குப் பங்கு விடலாம். புழுவுக்கு விடக்கூடிய பங்கு எதுவும் அவ்வேலையில் இல்லை. மேலே கூறிய விடைகளை அதன்மேல் நீட்டிப் பொருத்த எனக்குத் துணிவில்லை. மல்பெரித் தோட்டத்தை நம்பியே கடன் வாங்கியிருக்கும் குடும்பங்கள் பல. அவர்களுள் சீலம் ஏற்றோர் தம் எண்ணத்தை எழுதியனுப்பினால், அதனை முன்வைத்தே அவ்வினாவை ஆராயலாம்.